விண்ட்ஷீல்டு: ஆன்லைனிலா, ஜி.பி. ரோட்டிலா?

புல்லட்டில் நெடுந்தூரம் போனால் எதிர்க்காற்று நெஞ்சில் அறைந்தே ஆளை அலுக்க வைத்துவிடும். உயரமான விண்ட்ஷீல்டு வாங்க எனக்கு இரண்டு வழி இருந்தது: ஆன்லைன், இல்லையென்றால் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோடு.

ஆன்லைனில் விதவிதமாகக் கிடைக்கும். எந்த பிளாஸ்டிக்கில் செய்தது என்றும் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். அதைக் கட்டாயம் பாருங்கள். அக்ரிலிக் பளிங்கு மாதிரி தெளிவாக இருக்கும், கல் தெறித்தால் விரிசல் விடும். பாலிகார்பனேட் அடி தாங்கும். ஆனால் மேற்பூச்சு இல்லையென்றால் சீக்கிரம் கீறல் விழும், பெட்ரோலும் அதற்கு ஆகாது.

நான் ஆன்லைனில்தான் வாங்கினேன். அதை வண்டியில் பிடித்து நிறுத்தக் கூட வந்த கிளாம்ப் என் வண்டிக்குப் பொருந்தவில்லை. போன் செய்தால், “போட்டோ அனுப்புங்க சார்.” அனுப்பினேன். மறுநாள் வேறொருவர் பேசினார், மறுபடியும் போட்டோ. இப்படியே பத்து நாள். அப்புறம் அந்த ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் போட்டேன். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதை எழுதியதும் சரியான கிளாம்ப் வந்தது. வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கவே இருக்கிறது.

ஜி.பி. ரோட்டில் இந்தக் கூத்து கிடையாது. வண்டியிலேயே பிடித்துப் பார்க்கலாம், ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுசாகத் திருப்பி எங்கும் இடிக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். என்ன பிளாஸ்டிக் என்று கேட்டால் மட்டும் “ஒரிஜினல் சார்” என்பார்கள். பில்லையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அடுத்த தடவை நான் ஜி.பி. ரோட்டுக்குத்தான் போவேன், பில்லோடுதான் திரும்புவேன்.