சூரிச் ஃபிஃபா மியூசியம்: கைடோடு போவதா, நாமே சுற்றுவதா?

மாமல்லபுரத்தில் காரை விட்டு இறங்கியதுமே "கைடு வேணுமா சார்?" என்று ஒருவர் கூடவே நடந்து வருவார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடையைக் கட்டுவதுதான் நம்ம சென்னைக்காரர்கள் வழக்கம். நானும் அந்த ரகம்தான். கல்லைப் பார்ப்பதற்கு எதற்கு இன்னொருத்தர், கண் இருக்கிறதே என்ற திமிர்.

சுவிட்சர்லாந்தின் சூரிச்சில், உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா நடத்துகிற கால்பந்து மியூசியத்துக்கு ஒரே வாரத்தில் இரண்டு தடவை போக நேர்ந்த பிறகு அந்தத் திமிர் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. முதல் தடவை நான், அப்பா, அங்கே வேலை பார்க்கும் அக்கா பையன் மூன்று பேரும் எங்கள் இஷ்டத்துக்குச் சுற்றினோம். நான்கு நாள் கழித்து அவன் ஆபீசில் குடும்பத்தோடு ஒரு டூர் ஏற்பாடு செய்திருந்தார்கள், அதில் நாங்களும் ஒட்டிக்கொண்டோம். ஊர் திரும்பியதிலிருந்து, பெரம்பூரில் காலையில் பந்து ஆடுகிற கூட்டத்தில் யாருக்கு ஐரோப்பா டிக்கெட் கிடைத்தாலும் என்னிடம் வந்து கேட்பது இதைத்தான்: "கைடு எடுக்கணுமா, சும்மாவே பாத்துக்கலாமா?"

என் பதில் கைடு பக்கம்தான் சாயும். டூருக்கான காசு என் பையிலிருந்து போகவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சொந்தக் காசு கொடுத்திருந்தால் இதே உற்சாகத்தோடு எழுதுவேனா என்று நானே யோசித்துப் பார்த்ததுண்டு. எழுதுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தனியாகப் போனால் செலவு குறைவு, அவசரம் இல்லை, பிடித்த இடத்தில் நிற்கலாம், பிடிக்காததைத் தாண்டிப் போகலாம். கைடோடு போனால் கூடுதல் செலவு, குறித்த நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும், கூட்டத்தோடு நகர வேண்டும். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் தனியாகப் போவதே ஜெயிக்கும். முதல் தடவை நாங்களும் அப்படித்தான் கணக்குப் போட்டோம்.

மியூசியம் திறந்தது 2016 பிப்ரவரியில். எங்கே ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருக்கிறது. ("எங்கே" என்பதே அந்த இடத்தின் பெயர். "எங்கே இறங்கணும்?" "எங்கேயில் இறங்கணும் தாத்தா" என்று அப்பாவும் பேரனும் ரயிலில் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டது தனிக்கதை.) உள்ளே நுழைந்ததும் ஃபிஃபாவில் உறுப்பினராக இருக்கும் 211 சங்கங்களின் ஜெர்சிகளையும் வானவில் மாதிரி நிற வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கீழே இறங்கினால் உலகக் கோப்பைகளின் வரலாறு. மேலே பந்தை உதைத்து விளையாடுகிற இடம், ஆளை விழுங்குகிற அளவில் ஒரு பின்பால் மெஷின். இவ்வளவையும் முதல் தடவை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டோம். நீல ஜெர்சிகளுக்கு நடுவே நம்முடையதைக் கண்டுபிடித்து போட்டோ, தங்கக் கோப்பை இருக்கும் கண்ணாடிக்கு முன்னால் போட்டோ, பின்பாலில் அக்கா பையனிடம் நான் தோற்றது, அவ்வளவுதான். ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்து, சின்ன வயதில் ரயில்வே மைதானங்களில் ஆடிய மனுஷர் அப்பா. அவர் பாதியிலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்து எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சுப்பா, ஏசி நல்லா போட்டிருக்கான்" என்றார்.

இனி நான் முக்கியமாக நினைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். செலவு, நேரம், மொழி எல்லாம் இதற்குப் பிறகுதான். ஒரு மியூசியத்தில் நம்மை எது நிற்க வைக்கிறது என்பதுதான் அது.

தனியாகப் போகும்போது நம்மை நிற்க வைப்பது பளபளப்பும், ஏற்கெனவே தெரிந்த பெயர்களும். பெலே என்று எழுதியிருந்தால் நிற்போம். தங்கம் மின்னினால் நிற்போம். பெயர் தெரியாத ஒரு பழைய பொருள், பக்கத்தில் நான்கு வரி எழுத்து என்றால் கால் தானாக நகர்ந்துவிடும். படித்துக்கொள்ளலாமே என்பீர்கள். இருபதாவது அட்டைக்கு மேல் யார் சார் படிக்கிறார்கள்? நான் படிக்கவில்லை.

அப்படி நாங்கள் முதல் தடவை இரண்டு வினாடியில் தாண்டிப் போன பொருள் ஒன்று உண்டு. சின்னதாக ஒரு நீலக்கல் துண்டு, அதில் பொன்னிறத் தகடுகள். "பேப்பர் வெயிட் மாதிரி இருக்குல்ல மாமா" என்று அக்கா பையன் சொன்னதுகூட நினைவிருக்கிறது.

இரண்டாவது தடவை கைடாக வந்த பெண் எங்களை நேராக அதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். தங்கக் கோப்பை சில அடி தள்ளி மின்னிக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முதலில் கேள்விதான் கேட்டார்: "1930-ல் உருகுவே ஜெயித்த கோப்பை இப்போது எங்கே இருக்கிறது?" இந்தக் கட்டிடத்தில்தான் இருக்கும் என்று எங்களில் பாதிப் பேர் சொன்னோம். அவர் இல்லை என்று தலையசைத்தார். அதன் பிறகுதான் கதை வந்தது.

ஏபெல் லஃப்லேர் என்கிற பிரெஞ்சு சிற்பி செய்த கோப்பை அது. இறக்கை விரித்த வெற்றித் தேவதை, அடியில் நீலக்கல் பீடம். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது இத்தாலியக் கால்பந்து நிர்வாகி ஒட்டோரினோ பராசி அதைச் செருப்புப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிலுக்கடியில் ஒளித்துக் காப்பாற்றினார். 1966-ல் லண்டனில் கண்காட்சிக்கு வைத்திருந்தபோது திருடு போனது. பிக்கிள்ஸ் என்ற நாய் மோப்பம் பிடித்துக் கண்டெடுத்தது. 1970-ல் மூன்றாவது முறையாக ஜெயித்த பிரேசிலுக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார்கள். 1983 டிசம்பரில் ரியோவில் மறுபடி திருடினார்கள். அதோடு சரி, இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் 1954-லேயே அடிப்பீடத்தை மட்டும் கழற்றிவிட்டு உயரமாக வேறொன்றைப் பொருத்தியிருந்தார்கள். கழற்றிய பழைய பீடம் ஃபிஃபா அலுவலகத்தின் அடித்தளத்தில் யார் கவனத்திலும் இல்லாமல் பல வருடம் கிடந்து, பிறகு கண்ணில் பட்டது. அதுதான் இது. அசல் கோப்பையில் மிச்சம் இருப்பது இந்தக் கல் மட்டும்தான். தகடுகளில் நான்கு வெற்றிகள்: 1930 உருகுவே, 1934 இத்தாலி, 1938 இத்தாலி, 1950 உருகுவே.

பெஞ்சைத் தேடிக்கொண்டிருந்த அப்பா கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து அந்தத் தகடுகளைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க உலோகத்தோடு கிடந்தவர் ஆயிற்றே. "கப்பு போச்சு, அடிக்கட்டை நின்னுச்சு பாரு" என்றார். அந்த ஒரு கல்லுக்கு முன்னால் ஏழெட்டு நிமிடம் நின்றிருப்போம். முதல் தடவை அதற்கு நாங்கள் கொடுத்தது இரண்டு வினாடி.

மாமல்லபுரத்தில் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அர்ஜுனன் தபசா, பகீரதன் தபசா என்று வாதாடிக்கூட இருக்கிறேன். யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை முன்னங்காலைத் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றி எலிகள் என்பதை ஒருவர் விரல் நீட்டிக் காட்டியபோதுதான் பார்த்தேன். அப்போது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. சூரிச்சிலும் நடந்தது அதேதான்.

நிற்க வைப்பதோடு சேர்ந்தது திருப்பிக் கேட்பது. அட்டையிடம் கேள்வி கேட்க முடியாது. 1950 பகுதிக்கு வந்தபோது அப்பா என்னை இடித்தார். "கேளுடா, நம்மாளுங்க வெறுங்கால்ல ஆடக்கூடாதுன்னு சொல்லித்தானே உலகக் கோப்பைக்குப் போகல?" வடசென்னையில் டீக்கடைக்கு டீக்கடை கேட்கிற கதை இது. நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, பல இந்தியர்கள் இதையே கேட்பதாகச் சொன்னார். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் நம் அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றார்கள். இரண்டு பெனால்டியைத் தவறவிட்ட மேட்ச் அது. நம்முடைய ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1950-ல் தகுதிச் சுற்றில் மற்ற ஆசிய நாடுகள் விலகிக்கொண்டதால் ஆடாமலேயே நமக்கு இடம் கிடைத்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவு. நீண்ட கப்பல் பயணம், பயிற்சிக்குப் போதிய நேரமின்மை, ஒலிம்பிக்ஸ்தான் பெரிது என்ற எண்ணம், இதெல்லாம் சேர்ந்துதான் நம் சங்கம் பின்வாங்கியது. வெறுங்கால் காரணம் பிற்பாடு ஊதிப் பெருத்தது.

அப்பா விடுவாரா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "ஆமாடா, 52 ஹெல்சிங்கிலகூட ஷூ இல்லாமத்தானே ஆடுனாங்க. யூகோஸ்லாவியாகிட்ட பத்து வாங்குனாங்களே." உண்மைதான், 1952 ஒலிம்பிக்ஸில் 10-1. அதற்குப் பிறகுதான் இங்கே பூட்ஸைக் கட்டாயமாக்கினார்கள். அந்தக் கைடுக்கே அந்த வாதம் பிடித்துப்போயிற்று. ஒரு மியூசியத்தில் எங்கள் அப்பா வாதாடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்காக எல்லா டூரும் இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அதே பயணத்தில், வேறொரு ஊரில் ஒரு ஸ்டேடியம் டூர் போனோம். இது சொந்தக் காசு. டிரெஸ்ஸிங் ரூம், சுரங்கப்பாதை, பயிற்சியாளர் உட்காரும் நாற்காலி என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தபடியே ஓட்டமாக ஓட்டிக்கொண்டு போய்க் கடையில் கொண்டுவந்து விட்டார் அந்தக் கைடு. முப்பது பேர் கூட்டம், நாங்கள் கடைசியில். பாதி காதிலேயே விழவில்லை. ஆட்கள் அதிகமாக இருந்தால் முன்வரிசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நிறுத்தத்துக்குள் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல நிற்கிறாரா, "கடைசியில் சொல்கிறேன்" என்று நகர்கிறாரா என்பதிலேயே மீதி டூர் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற பதிவுக் குரல் இரண்டுக்கும் நடுவில் வரும். வேறு மியூசியங்களில் கேட்டிருக்கிறேன். நம்மை நிற்க வைக்கும், ஆனால் அப்பாவோடு வாதாடாது. குடும்பமாகப் போனால் ஆளுக்கு ஒரு பக்கம் காதைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை.

தனியாகப் போவதே நல்லது என்று நான் சொல்லக்கூடியவர்களும் இருக்கிறார்கள். எந்த உலகக் கோப்பையில் யார் எத்தனையாவது நிமிடத்தில் கோல் போட்டார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற ஆட்கள் வியாசர்பாடியில் தெருவுக்கு நான்கு பேர் உண்டு. சிவப்பு, மஞ்சள் அட்டை யோசனை இங்கிலாந்து நடுவர் கென் ஆஸ்டனுக்கு டிராஃபிக் சிக்னலைப் பார்த்து வந்தது, 1970-ல் முதலில் பயன்படுத்தினார்கள் என்பது எனக்குப் புதிது. அவர்களுக்கு அது ஒன்றாம் வகுப்புப் பாடம். அவர்களுக்குக் கைடு வேண்டாம். ஜெர்சி வானவில்லுக்கும் வேண்டாம். அங்கே சும்மா நின்று நாடு நாடாகக் கண்ணால் தேடுவதில்தான் சுகம். சின்னக் குழந்தைகளோடு டூர் போன அனுபவம் எனக்கில்லை. எங்கள் குழுவில் இருந்த ஒரு ஆறு வயதுப் பையன் இருபதாவது நிமிடத்திலிருந்தே பின்பால், பின்பால் என்று அவன் அம்மாவின் துப்பட்டாவை இழுத்துக்கொண்டிருந்தான். அதிலிருந்து நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மொழி பற்றிக் கேட்பவர்களுக்கு: எங்கள் டூர் ஆங்கிலத்தில். அப்பாவுக்கு நான் ஒரு காதில், பேரன் இன்னொரு காதில் என்று சொல்லிக்கொண்டே வந்தோம். மெதுவாகப் பேசச் சொன்னோம், பேசினார். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு தடவை போனால் டூரை முதலில் வைத்துக்கொள்வேன், அது முடிந்ததும் அங்கேயே தங்கி மறுபடி ஒரு சுற்றுப் போவேன். அன்றைக்கும் டூர் முடிந்ததும் மற்றவர்கள் காபிக்குப் போய்விட்டார்கள். அப்பா மட்டும் "ஒரு நிமிஷம் இருங்கடா" என்று தனியாகக் கீழே இறங்கிப் போனார். இருபது நிமிடம் ஆகியும் வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். அதே நீலக்கல்லுக்கு முன்னால் நின்று, யாரென்றே தெரியாத ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவுக்குச் சைகையிலேயே செருப்புப் பெட்டிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மூடியிருக்கும், பார்த்துப் போங்கள்.