விழுந்தால் எழுந்திருக்கத் தெரிந்த நத்தை: ரீஃப் தொட்டியில் நான்கு வருடம்

என் ரீஃப் தொட்டிக்கு, அதாவது பவளம் வளர்க்கும் உப்புத் தண்ணீர் மீன் தொட்டிக்கு, நான்கு வயதாகிறது. 250 லிட்டர், சென்னையில் மூன்றாவது மாடி. பாசி தின்ன நான்கு வகை நத்தைகளைக் காசு கொடுத்து வாங்கிவிட்டேன். இன்று உயிரோடு இருப்பது ஒன்றரை வகை. அந்த அரை என்னவென்று அப்புறம் சொல்கிறேன்.

தொட்டி வைத்து ஆறாவது வாரம் பாறை, மணல் எல்லாம் பழுப்பு. டயட்டம் என்ற பழுப்புப் பாசி. புதுத் தொட்டிக்கு அது தானே வந்து தானே போகும் என்று தெரியாமல், பதறிப்போய் இருபது அஸ்ட்ரியா நத்தைகள் வாங்கினேன். வேலையில் குறை இல்லை. போன வழியெல்லாம் கண்ணாடி பளிச்சென்று இருக்கும். ஆனால் மணலில் மல்லாக்க விழுந்தால் அதற்குத் திரும்பத் தெரியாது. காபிக்கு முன்னால் முழங்கை வரை உப்புத் தண்ணீரில் விட்டு ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பதே என் காலை வேலையானது. நான்கு நாள் ஊருக்குப் போய் வந்தபோது ஐந்து ஓடுகள் காலி. அதில் ஒன்றுக்குள் துறவி நண்டு குடியேறியிருந்தது.

அடுத்த வருடம் முடிப்பாசி. அதற்கு மெக்சிகன் டர்போ என்ற பெரிய நத்தை மூன்று. என்ன பசி! பச்சைப் பாறையை இரண்டே ராத்திரியில் மொட்டை போட்டுவிடும். கூடவே, பசை வைத்து ஒட்டாத பவளத் துண்டு எதுவாக இருந்தாலும் தள்ளிக்கொண்டு போகும். ஜோவாந்தஸ் என்ற பவளம் போன்ற உயிரின் துண்டு ஒன்றை மூன்று நாள் தேடிப் பாறைக்குப் பின்னால் கண்டெடுத்தேன். இது கலிபோர்னியா வளைகுடாப் பக்கத்து நத்தை, கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் கேட்கும். மே மாதம் ஒருநாள் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்று தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டியது. மீன்கள் தாங்கின, இரண்டு டர்போக்கள் தாங்கவில்லை. அந்த அளவு நத்தை செத்து உள்ளேயே கிடந்தால் அம்மோனியா ஏறிவிடும். சந்தேகமாக இருந்தால் வெளியே எடுத்து மோந்து பாருங்கள். செத்ததா இல்லையா என்று மூக்கு சொல்லிவிடும்.

நெரைட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலை வந்து போகும் பாறையில் வாழ்வது என்பதால் தண்ணீருக்கு மேலே ஏறும். என் தொட்டிக்கு மூடி கிடையாது. ஒன்றை சோபாவுக்கு அடியில் துடைப்பம் கண்டுபிடித்தது.

கடைசியாக வந்த ட்ரோகஸ்தான் இன்றும் இருக்கிறது. கூம்பு ஓடு, பார்க்க அஸ்ட்ரியா மாதிரியே. ஆனால் விழுந்தால் காலை நீட்டி ஊன்றி, தானே புரண்டு எழுந்துவிடும். எனக்கு இந்த ஒரு குணமே போதும். ஆறு வாங்கினேன். ஒருநாள் விளக்கு அணைந்த பிறகு அத்தனையும் பாறை உச்சிக்கு ஏறி சாம்பிராணிப் புகை போல வெள்ளையாக விட்டன. ஏதோ நோய் என்று பயந்தேன். இனப்பெருக்கமாம். சில மாதம் கழித்து சம்ப்புக்குள் (தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி) மிளகு அளவில் குட்டிகள். (ராமேஸ்வரத்தில் பொறுக்கி வரலாமே என்றார் ஒரு நண்பர். மன்னார் வளைகுடாவில் தேசியப் பூங்கா இருக்கிறது, பெரிய ட்ரோகஸ் இனம் ஒன்று வனவிலங்குச் சட்டப் பட்டியலிலேயே இருக்கிறது. வேண்டாம் சாமி.)

எந்த வகையானாலும் உப்பு அளவு சட்டென்று மாறினால் தாங்காது. முதல் தடவை பையோடு மிதக்கவிட்டு அப்படியே கொட்டி, மறுநாளே மூன்றை இழந்தேன். இப்போது ஒன்றரை மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை விட்டுப் பழக்குகிறேன். மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்து ஊற்றுவதானால் தனித் தொட்டியில்தான்; அது நத்தைக்கு விஷம். சயனோ என்ற பாக்டீரியாவின் சிவப்புப் படலத்தை என் நத்தைகள் எதுவும் தொட்டதில்லை, அதற்காக வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். பாசி தீர்ந்துவிட்டால் பட்டினி கிடந்தே சாகும். வாரம் ஒருமுறை ஒரு துண்டு நோரியை (காய்ந்த கடற்பாசித் தாள்) ரப்பர் பேண்டால் கல்லில் கட்டி வைக்கிறேன். இருபது வாங்கியதெல்லாம் பேராசை. என் தொட்டிக்கு எட்டு, ஒன்பது போதும்.

அந்த அரை வகை, பாறையோடு சொல்லாமல் கொள்ளாமல் வந்த ஸ்டொமடெல்லா. நத்தையா அட்டையா என்று குழம்பும் உடம்பு, முதுகில் நகம் அளவு ஓடு. பிடிக்கப் போனால் பல்லி வாலை விடுவது போல உடம்பின் பின்பகுதியை விட்டுவிட்டு ஓடும். பைசா செலவில்லை, ராத்திரி டார்ச் அடித்தால் பாறைக்கு ஐந்தாறு தெரிகிறது.