இரண்டு ரிப்போர்ட்டிலும் ஏழுதான், ஆனால் ஒரே ஏழு இல்லை

மாமாவுக்கு புராஸ்டேட் புற்றுநோய் ஆபரேஷன் ஆகி மூன்றாவது வாரம். கிருஷ்ணகிரி வீட்டுத் திண்ணையில் இரண்டு காகிதங்களை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். ஒன்று ஆபரேஷனுக்கு முந்தைய பயாப்சி ரிப்போர்ட். மற்றது, ஆபரேஷனில் எடுத்த புராஸ்டேட் சுரப்பியை முழுதாகச் சோதித்த ரிப்போர்ட். மாங்காய் மண்டியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர், அவர் கண் நேராகக் கூட்டுத்தொகைக்குத்தான் போகும். "ரெண்டுலயும் ஏழுதானே மாப்ளே? அப்ப எதுவும் மாறலையே?"

பயாப்சியில் 3+4. சுரப்பியில் 4+3. மாறியிருந்தது.

இந்தக் கூட்டல் கணக்கு டொனால்டு கிளீசன் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் டாக்டர் 1966இல் வெளியிட்டது. புற்றுத் திசுவில் உள்ள நுண்சுரப்பிகளின் அமைப்பு எவ்வளவு குலைந்திருக்கிறது என்பதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து 1 முதல் 5 வரை தரம் போடுவார்கள். 3 என்றால் சுரப்பிகள் தனித்தனியாக, உருவம் கெடாமல் இருக்கும். 4 என்றால் ஒன்றோடொன்று ஒட்டி, சல்லடை போலாகியிருக்கும். 5இல் சுரப்பி என்ற வடிவமே இருக்காது. அதிகம் தெரியும் தரம் முதலில், அடுத்தது இரண்டாவதாக. ஆக 4+3 என்றால் மோசமான பங்குதான் அதிகம். கூட்டிப் போட்டுவிட்டால் அந்தச் செய்தி மறைந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1, 2 தரங்களை இப்போது அநேகமாக யாரும் போடுவதில்லை. அதனால் ஸ்கோர் ஆறில்தான் ஆரம்பிக்கிறது. பத்துக்கு ஆறு என்று கேட்டவுடன் பாதிக்கு மேல் போய்விட்டது என்று வீடே அழும். உண்மையில் அதுதான் ஆகக் குறைந்த தரம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்ததுதான் கிரேடு குரூப். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை டாக்டர்கள் 2013இல் முன்வைத்தார்கள். 2014 சிகாகோ கூட்டத்தில் சிறுநீரியல் நோய்க்குறியியல் நிபுணர்கள் ஏற்றார்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலும் ஏறியது. ஆறு வரை குரூப் 1, 3+4 குரூப் 2, 4+3 குரூப் 3, எட்டு குரூப் 4, ஒன்பதும் பத்தும் குரூப் 5. ஆபரேஷன் செய்துகொண்ட இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்ததில், ஐந்து வருஷம் வரை பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் செல்கள் ரத்தத்தில் விடும் புரதம்) மறுபடி ஏறாமல் இருந்தவர்கள் குரூப் வாரியாக 96, 88, 63, 48, 26 சதவீதம். 3+4க்கும் 4+3க்கும் நடுவில் இருபத்தைந்து புள்ளி வித்தியாசம். எனக்கு இந்த ஒரு காரணமே போதும், கிளீசன் கூட்டுத்தொகையைவிட கிரேடு குரூப் மேல் என்று சொல்ல.

"அப்ப என் குரூப் 3ல நூத்துக்கு மிச்சம் முப்பத்தேழு பேரு போய்ச் சேந்துட்டாங்களா?" என்றார் மாமா. இல்லை. அது ரத்தத்தில் பி.எஸ்.ஏ. ஏறியவர்களின் கணக்கு, சாவுக் கணக்கு இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1999இல் வெளியான ஆய்வில், பி.எஸ்.ஏ. ஏறிய பிறகும் உடனே ஹார்மோன் சிகிச்சை கொடுக்காமல் பார்த்தார்கள். அப்படியும் உடம்பின் வேறு இடத்தில் நோய் தென்பட இடைநிலைக் கணக்கில் (பாதிப் பேருக்கு அதற்குள், பாதிப் பேருக்கு அதற்குப் பிறகு) எட்டு வருஷம் ஆனது.

சரி, பயாப்சியில் ஏன் தப்பு வந்தது? தப்பே இல்லை. ராகி மூட்டையில் குத்தூசி விட்டு எடுத்துப் பார்ப்பது மாதிரிதான் பயாப்சி. ஆபரேஷனுக்குப் பிறகு மூட்டையையே அவிழ்த்துக் கொட்டிப் பார்க்கிறார்கள். இரண்டும் முரண்பட்டால் பின்னதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கிரேடு குரூப்புக்குத் தரம் மட்டுமே தெரியும். நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. அங்கேதான் கேப்ரா-எஸ் முந்துகிறது. 2011இல் சான் பிரான்சிஸ்கோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த, ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்பும் ஆபத்தை அளக்கும் மொத்தம் 12 புள்ளிக் கணக்கு இது. மாமாவுக்குப் போட்டுப் பார்த்தேன். ஆபரேஷனுக்கு முன் பி.எஸ்.ஏ. 8.4, அதற்கு 1. 4+3க்கு 2. சுரப்பியின் உறையைத் தாண்டியிருந்ததால் 1. வெட்டிய ஓரத்தில் புற்று இல்லை, விந்துப்பையிலும் இல்லை, நிணநீர்க் கணுவிலும் இல்லை. ஆக 4, நடுத்தரம். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவருக்கு தரம் 3+4தான், மாமாவைவிட ஒரு குரூப் கம்மி. ஆனால் பி.எஸ்.ஏ. 12, உறை தாண்டியிருக்கிறது, ஓரத்தில் புற்று, விந்துப்பையிலும் புற்று. 1, 2, 1, 2, 2 என்று கூட்டினால் எட்டு. ஆறைத் தொட்டாலே அதிக ஆபத்து. கிரேடு குரூப்பை மட்டும் பார்த்திருந்தால் அவர்தான் கொடுத்துவைத்தவர் என்று நினைத்திருப்போம்.

கேப்ரா-எஸ்ஸிலும் ஓட்டை இருக்கிறது. கிளீசன் கூட்டுத்தொகை எட்டுக்கும் பத்துக்கும் அதில் ஒரே 3 புள்ளிதான். அந்த இடத்தில் கிரேடு குரூப் கூர்மையானது. ஓரத்தில் புற்று ஒரு மில்லிமீட்டரா ஐந்தா என்றும் கேப்ரா-எஸ் கேட்காது. எங்களுக்கு வந்த ரிப்போர்ட்டில் கிரேடு குரூப்பே எழுதவில்லை, நாலாம் தரம் எத்தனை சதவீதம் என்பதும் இல்லை. கேட்டு வாங்கினோம். திசு பதித்த மெழுகுக் கட்டிகளையும் ஸ்லைடுகளையும் வேறு நிபுணரிடம் காட்ட வேண்டுமென்றால் லேபில் கேட்கலாம், கொடுப்பார்கள். இருபத்திரண்டு மரபணுக்களைப் பார்க்கும் டெசிஃபர் சோதனையும் உண்டு. டாக்டர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மிச்சக் கதையைச் சொல்வது பி.எஸ்.ஏ.தான். சுரப்பியே போனபின் ஆறு வாரத்தில் அது கிட்டத்தட்டப் பூஜ்யமாக வேண்டும். 0.2ஐத் தொட்டு, அடுத்த சோதனையும் அதையே சொன்னால் நோய் திரும்புகிறது என்று பொருள். முன்பெல்லாம் உறை தாண்டியவர்களுக்கு உடனே கதிர்வீச்சு கொடுப்பதா என்று பெரிய வாதம் நடந்தது. 2020இல் மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், காத்திருந்து பி.எஸ்.ஏ. ஏற ஆரம்பித்ததும் கொடுத்தாலும் நஷ்டமில்லை என்று தெரிந்தது. மிக மோசமான தரமும் விந்துப்பைப் பரவலும் சேர்ந்தவர்கள் அந்த ஆய்வுகளில் குறைவு, அவர்களுக்கு டாக்டர் வேறு முடிவு எடுக்கலாம். உடனே கதிர்வீச்சு வேண்டாம் என்பது மாமாவுக்குப் பெரிய நிம்மதி. வாரக்கணக்கில் தினம் சேலத்துக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுவது எழுபது வயதில் சாதாரணக் காரியமா?

ஆறாவது வாரம் ரத்தம் கொடுத்தார். 0.1க்கும் கீழே. மண்டி நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதிக்கொண்டு, "அடுத்தது மூணு மாசம் கழிச்சு, அதே லேபுதான் மாப்ளே, தராசு மாத்தினா கணக்கு ஒத்து வராது" என்றார்.