பூனைக்காலிப் பொடி: டோபமின் கூடும், ஆனால் எங்கே?

திருகோணமலை நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் 100 கிராம் பூனைக்காலி விதைப் பொடியைப் பற்றியது இது. லேபிளில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறது: மகிழ்ச்சி ஹார்மோனான டோபமினைக் கூட்டும், காலையும் மாலையும் ஒரு தேக்கரண்டி, சூடான பாலில் கலந்து குடிக்கவும்.

பொடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நைசாக அரைத்திருக்கிறார்கள், சாம்பல் கலந்த வெள்ளை நிறம், பயற்றம் மாவின் வாசம், நாக்கில் இலேசான துவர்ப்பு. சரக்கும் உண்மையானதுதான். 1937 இல் மதராசில் தாமோதரன், ராமசாமி என்ற ஆய்வாளர்கள் இந்த விதையிலிருந்தே, உடம்புக்குள் டோபமினாக மாறும் லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். 1957 இல் சுவீடன் ஆய்வாளர் அர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தா மூலிகையின் ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்ததால் அசைவற்றுக் கிடந்த முயல்களை அதே லெவோடோபாவால் எழுப்பினார். கை நடுங்கி அசைவு குறையும் பார்கின்சன் நோய்க்கு இன்றும் அதுதான் முதன்மை மருந்து.

பிழை லேபிளில் இருக்கிறது. டோபமினை மகிழ்ச்சி என்பது சரியல்ல. நடுமூளையின் கருநிறப் பகுதியிலிருந்து வரும் டோபமின் கைகால் அசைவைத் தொடக்கி வைக்கிறது. பக்கத்திலுள்ள இன்னொரு டோபமின் கலக்கூட்டம் 'இது வேண்டும்' என்ற நாட்டத்தை உண்டாக்குகிறது. மூளை ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் பார்த்தபோது, எதிர்பாராமல் கிடைத்த பழச்சாற்றுக்கு அந்தக் கலங்கள் துடித்தன. பழகிய பிறகு சாற்றுக்குத் துடிக்கவில்லை, சாறு வரப்போவதைச் சொல்லும் அடையாளத்துக்கே துடித்தன. சோர்ந்த மனத்தை ஒரு தேக்கரண்டி பொடி தூக்கிவிடும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

அளவுக்கு வருவோம். விதையில் லெவோடோபா பெரும்பாலும் 4 முதல் 6 சதவீதம். மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 3 கிராம், அதாவது 120 முதல் 180 மில்லிகிராம். கிளினிக்கில் தரும் குளிசையில் 100 மில்லிகிராம் லெவோடோபாவுடன் 25 மில்லிகிராம் கார்பிடோபாவும் இருக்கும். அந்தக் கார்பிடோபா இல்லாவிட்டால், குடலிலும் இரத்தத்திலும் வைத்தே பெரும்பகுதி டோபமினாக மாறிவிடும். மாறிய டோபமினுக்கு மூளைக்குள் நுழைய வழியில்லை. வெளியில் நின்று அது செய்வது குமட்டல், சத்தி, எழும்பும்போது தலைச்சுற்று. இவை 'உடம்பு சுத்தமாகிறது' என்பதற்கு அடையாளமல்ல. பிரஷர் குளிசை எடுப்பவர் இதனால் விழுந்துவிடக்கூடும். கார்பிடோபா சேரும்போது லெவோடோபாவின் தேவை காற்பங்காகக் குறைகிறது. அப்படிப் பார்த்தால் இந்த ஒரு கரண்டி அரைக் குளிசைக்கும் குறைவு. அதுவும் விதை பச்சையாக அரைபட்டிருந்தால்தான். அவித்துச் சுத்தி செய்திருந்தால் ஒரு பங்கு தண்ணீரோடு போயிருக்கும், எது என்று லேபிளில் இல்லை. மில்லிகிராம் கணக்கும் இல்லை. எங்கள் பெரிய மனக்குறை இதுதான்.

பால் வேண்டாம். பாலின் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் மூளைக்குள் போக ஒரே வாசலில்தான் நெருக்கியடிக்கின்றன. தயிர், மீன், பருப்புக்கும் இதே கதை. வைத்தியர் எடுக்கச் சொன்னால், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு வெறும் தண்ணீரில் எடுக்கலாம். இரும்புச்சத்துக் குளிசையைத் தள்ளி வேறு நேரத்தில் போடுங்கள்.

ஏற்கெனவே லெவோடோபா குளிசை எடுப்பவர் இதையும் சேர்த்தால் கைகால், கழுத்து தன்பாட்டில் நெளியத் தொடங்கலாம். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், குறுங்கோண க்ளுக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. கை நடுங்குகிறது, நடை குறுகுகிறது என்றால் முதலில் நரம்பியல் கிளினிக். சித்த முறையில் எடுக்க விரும்பினால் பதிவு பெற்ற சித்த வைத்தியரிடம் கேட்டு எடுங்கள், மற்றக் குளிசைகளின் சீட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பொதியில் மெல்லிய பொலித்தீன் ஒரு படைதான். எங்கள் கடற்காற்றின் ஈரத்துக்கு அது போதாது. லெவோடோபா ஈரமும் காற்றும் பட்டால் கறுக்கும், வலுவும் போய்விடும். வாங்கிய அன்றே காய்ந்த, இறுக்கமாக மூடும் போத்தலுக்கு மாற்றி வெயில் படாமல் வையுங்கள். பழுப்பேறிக் கட்டி பிடித்த பொதியைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

பொடிக்கு ஐந்துக்கு நான்கு, லேபிளுக்கு ஒன்று.