பள்ளம் இல்லாத விக்டர்: அட்லாண்டா சீனரி, 5-க்கு 3

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்கான அட்லாண்டா விமான நிலைய சீனரி (அந்த இடத்தை அப்படியே காட்டும் கூடுதல் தொகுப்பு) தள்ளுபடியில் வந்ததும் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். தயாரித்தவர்கள் பெயர் வேண்டாம், புகார் அனுப்பியிருக்கிறேன்.

அழகில் குறையில்லை. ரன்வேயில் டயர் தேய்ந்த கறுப்புத் தடம்கூட இருக்கிறது. என் பழைய கிராஃபிக்ஸ் கார்டே திணறவில்லை.

ஆனால் நான் வாங்கியது டாக்ஸிவே விக்டருக்காக. டாக்ஸிவே என்பது ரன்வேக்கும் டெர்மினலுக்கும் இடையே விமானம் தரையில் உருண்டு போகும் பாதை. 26 ரைட், 26 லெஃப்ட் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ரன்வேக்கள். முன்பெல்லாம் 26 ரைட்டில் இறங்கும் விமானம் டெர்மினலுக்கு வர 26 லெஃப்டைக் குறுக்கே கடந்தாக வேண்டியிருந்தது. அதிலோ டேக்-ஆஃப் வரிசை ஓயாது. 2007-ல் விக்டர் திறந்த பிறகு, 26 லெஃப்டின் கோடியைச் சுற்றிக்கொண்டு வந்துவிடலாம். மேலே விமானங்கள் எழும்பிக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் அந்தப் பாதையை ரன்வே மட்டத்துக்குச் சுமார் 30 அடி கீழே இறக்கினார்கள்.

இந்த சீனரியில் அந்த இறக்கமே இல்லை. தரை கேரம் போர்டு மாதிரி கிடக்கிறது.

இது சின்ன விஷயமா? ஒரு போயிங் 737-800 விமானத்தின் வால் உயரம் 12.5 மீட்டர். பள்ளத்தில் போனால் ரன்வே மட்டத்துக்கு மேல் தெரிவது மூன்றரை மீட்டர்தான். டேக்-ஆஃபில் ஒரு என்ஜின் போனால், இரட்டை என்ஜின் விமானத்துக்குக் கணக்கில் எடுக்கும் ஏற்றம் 1.6 சதவீதம், அதாவது 100 மீட்டருக்கு 1.6 மீட்டர். தடை எதுவானாலும் 35 அடி இடைவெளி வேண்டும். ரன்வே கோடியில் விமானம் சரியாக 35 அடி உயரத்தில் இருந்தால், மூன்றரை மீட்டர் வாலைத் தாண்ட சுமார் 220 மீட்டர் தூரம் போதும். பள்ளம் இல்லையென்றால் 780 மீட்டர் தேவை!

அப்புறம் கண்ணுக்கும் தொந்தரவு. டேக்-ஆஃப் ஓட்டத்தில் நிமிர்ந்தால், எதிரே ஒரு விமானம் சக்கரத்தோடு ரன்வேயையே கடப்பதுபோல் இருக்கிறது. முதல் தடவை பிரேக்கை மிதித்துவிட்டேன். இதே மாதிரி சுற்றுப் பாதை உள்ள டல்லாஸ் ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் சாய்கோடு போட்ட சிவப்பு வெள்ளைத் தடுப்பு வைத்தார்கள். இங்கே அதுவும் இல்லை, பள்ளமும் இல்லை.

சரி, நாமே தோண்டுவோம் என்று, தரையின் மேடு பள்ளத்தை மாற்றும் டெரெய்ன் எடிட்டரைத் திறந்தேன். தரை இறங்கியது. டாக்ஸிவேயின் மஞ்சள் கோடும் அதன்மேல் ஒரு 737-ம் மட்டும் அந்தரத்தில் நின்றன.