மட்டக்களப்புக்குப் போகுமுன் வீட்டு ரவுட்டரில் செய்யவேண்டிய வேலை: ஊர்ப் பயணத்தில் விபிஎன்

வெளிநாட்டிலிருந்து மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் லீவுக்குப் போகிறவர்களுக்கு இணையம் இப்போது பெரிய குறையில்லை. கரையோர வீதியை அண்டிய ஊர்களில் பல வீடுகளுக்குப் பைபர் வந்துவிட்டது, படுவான்கரைப் பக்கம் பெரும்பாலும் 4ஜி ரவுட்டர். சிக்கல் வேறு இடத்தில்தான் வரும். சுவிஸ் வங்கியின் அப் இலங்கை ஐபியை, அதாவது இணைய முகவரியை, கண்டதும் கணக்கைப் பூட்டக்கூடும். மாதாமாதம் காசு கட்டும் டீவி சேவை இந்த நாட்டில் கிடைக்காது என்று சொல்லும். பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ விடுதியின் திறந்த வைஃபையில் அலுவலக மெயிலைத் திறக்க மனம் வராது. டவுனில் போன் கடையில் கேட்டால் ஏதாவதொரு இலவச விபிஎன்னைப் போட்டுக் கையில் தந்துவிடுவார்கள். அதை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

விபிஎன் போட்டதும் உங்கள் போனின் முழுப் போக்குவரத்தும் இன்னொருவருடைய கணினி வழியாகப் போகிறது. அதுவரை உள்ளூர் இணைய நிறுவனம் பார்க்கக்கூடியதாக இருந்ததை இனி அந்த இன்னொருவர் பார்ப்பார். ஆகவே, அவர் யார், எதில் காசு உழைக்கிறார் என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும். 2016இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 283 அன்ட்ரொயிட் விபிஎன் அப்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 18 வீதமானவை தரவை மறையாக்கமே செய்யவில்லை. 38 வீதமானவற்றில் தீங்கான நிரலின் அடையாளம் இருந்தது. ஹோலா என்ற இலவச சேவை தன் பாவனையாளர்களின் இணைப்பையே வேறு ஆட்களுக்கு விற்றது 2015இல் வெளியே வந்தது. பேஸ்புக் வாங்கிய ஒனாவோ என்ற விபிஎன், மக்கள் எந்த அப்பை எவ்வளவு நேரம் பாவிக்கிறார்கள் என்று பார்க்கவே உதவியது; 2019இல் மூடினார்கள்.

ஊருக்குப் போகிற பெரும்பாலானோருக்கு மிக நல்ல விபிஎன் அவர்களுடைய வெளிநாட்டு வீட்டு ரவுட்டரிலேயே இருக்கிறது. காசும் இல்லை, அந்நியரும் இல்லை. வங்கிக்கும் டீவிக்கும் வழக்கமான வீட்டு ஐபியே தெரியும். கட்டண விபிஎன் நிறுவனங்களின் ஐபிகளை டீவி சேவைகள் தேடித் தேடித் தடுக்கின்றன; உங்கள் வீட்டு ஐபியைத் தடுக்க அவர்களுக்குக் காரணமில்லை.

ஜேர்மனி, சுவிஸ் வீடுகளில் நிறையப் பேரிடம் பிரிட்ஸ்பொக்ஸ் ரவுட்டர் இருக்கும். அதன் மென்பொருள் 7.50 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் வயர்கார்ட் என்ற விபிஎன் முறை உள்ளேயே உண்டு. முதலில் மைபிரிட்ஸ் கணக்கைத் திறவுங்கள், இல்லாவிட்டால் வீட்டு ஐபி மாறும்போது வழி தெரியாமல் போகும். பிறகு இணைய அனுமதிப் பகுதியில் விபிஎன், அதற்குள் வயர்கார்ட், ஒரு தனிச் சாதனம் என்று தெரிவுசெய்து, திரையில் வரும் கியூஆர் படத்தைப் போனின் வயர்கார்ட் அப்பால் ஸ்கான் செய்தால் முடிந்தது. இதைப் பயணத்துக்கு முன்பே செய்யவேண்டும். புது இணைப்பை உறுதிசெய்ய ரவுட்டரில் உள்ள பொத்தானை அழுத்தச் சொல்லும்; ஏறாவூரில் இருந்து அதை அழுத்த முடியாது. செய்தபின் போனின் வைஃபையை நிறுத்தி, மொபைல் டேட்டாவில் ஒருமுறை சோதியுங்கள். வீட்டு வைஃபையிலேயே சோதித்தால் வேலை செய்கிறதா என்று தெரியாது.

சில வீடுகளில் இது சரிவராது. ரவுட்டர் காட்டும் வெளி ஐபி 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால், நிறுவனம் ஒரே ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வர வாசல் இல்லை. அப்போது, வாசல் இல்லாமலே உங்கள் சாதனங்களை இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் அப்பைப் போடுங்கள். தனியாள் பாவனைக்கு இலவசம். வீட்டில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி, அல்லது அப்பிள் டீவி எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் போதும். அதை வெளிவாசலாக (எக்ஸிட் நோட்) அமைத்து, நிர்வாகப் பக்கத்தில் அனுமதியுங்கள். அந்தச் சாதனத்தின் சாவி வழக்கமாக 180 நாளில் காலாவதியாகும். அதே பக்கத்தில் காலாவதியை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த பயணத்தில் வாசல் மூடியிருக்கும். வேகத்தைத் தீர்மானிப்பது உங்கள் வெளிநாட்டு வீட்டின் அப்லோட். 20 எம்பிபிஎஸ் இருந்தால் வீடியோவும் தடங்கலில்லாமல் ஓடும்.

வாடகை அறையில் இருக்கிறவர்கள், ரவுட்டரைத் தொட முடியாதவர்கள் காசு கொடுத்து வாங்கவேண்டியதுதான். சுவீடனின் முல்வாட் எவ்வளவு காலம் எடுத்தாலும் மாதம் 5 யூரோ. ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டலாம், ஐந்து சாதனம், மின்னஞ்சல்கூடக் கேட்பதில்லை. 2023 ஏப்ரலில் சுவீடன் பொலிஸ் சோதனையிட வந்தபோது எடுத்துப்போகப் பாவனையாளர் தரவு அங்கே இருக்கவில்லை. நாலு கிழமை விடுமுறைக்கு இதைவிடப் பொருத்தமானது எங்கள் கண்ணில் படவில்லை. இலவசம்தான் வேண்டும் என்றால் சுவிஸின் புரோட்டோன்: டேட்டா எல்லை இல்லை, ஒரு சாதனம் மட்டும், நாட்டை நீங்கள் தெரிவுசெய்ய முடியாது. அதன் செலவைக் கட்டணம் கட்டும் பாவனையாளர்கள் தாங்குகிறார்கள், ஆகவே நம்பலாம். இரண்டு வருடத்துக்கு 80 வீதக் கழிவு என்று வரும் விளம்பரங்களில் புதுப்பிக்கும்போது வரும் விலையைப் பாருங்கள். மதிப்பீட்டுத் தளங்களையும் அப்படியே நம்பவேண்டாம்: எக்ஸ்பிரஸ், சைபர்கோஸ்ட், பிஐஏ என்ற மூன்று விபிஎன்களையும் வைத்திருக்கும் கேப் நிறுவனமே விபிஎன்மென்டர் என்ற மதிப்பீட்டுத் தளத்தின் சொந்தக்காரரும்.

ஊரில் இறங்கியபின் முதல் ஏமாற்றம் டேட்டாவில் வரும். வட்ஸ்அப்புக்கு, யூடியூப்புக்கு என்று தனித்தனியாகத் தரும் பக்கேஜில் விபிஎன் போட்டால் அந்தப் பங்கு குறையாது. எல்லாம் ஒரே மறைபொருளாகத் தெரிவதால் பொது டேட்டாவில்தான் வெட்டுப்படும். அம்மாவின் போனுக்கு வட்ஸ்அப் பக்கேஜ் ரீலோட் செய்துவிட்டு, அதிலேயே விபிஎன்னையும் ஓடவிட்டால் இரண்டு நாளில் டேட்டா முடிந்துவிட்டது என்று கோல் வரும். ஆகவே வங்கிக்கும் பொது வைஃபைக்கும் மட்டும் போட்டு, வேலை முடிந்ததும் நிறுத்துங்கள்.

4ஜியில் சில பக்கம் பாதியில் நின்று, வேறு சில நன்றாகத் திறந்தால் வயர்கார்ட் அப்பில் எம்டியூவை, அதாவது ஒரு பக்கெட்டின் உச்ச அளவை, பாருங்கள். வயர்கார்ட் ஒவ்வொரு பக்கெட்டிலும் 60 முதல் 80 பைட் வரை தன் உறையைச் சேர்க்கிறது. வழியில் எங்கேனும் இடம் போதாவிட்டால் பெரிய பக்கெட்டுகள் விழுந்துபோகும். 1420ஐ 1280 ஆக்கினால் அநேகமாகச் சரிவரும். கொஞ்ச நேரம் சும்மா விட்டதும் இணைப்பு செத்துப்போனால் இணைப்பை உயிரோடு வைத்திருக்கும் கீப்அலைவ் அமைப்பில் 25 செக்கன் போடுங்கள். விடுதி வைஃபையின் உள்நுழைவுப் பக்கம் திறக்காவிட்டால், விபிஎன் இல்லாமல் இணைக்காதே என்ற அன்ட்ரொயிட் தடையைச் சற்று நிறுத்தி, உள்ளே போனபின் மீண்டும் போடுங்கள்.

கட்டண சேவையில் வேகம்தான் தேவை என்றால் சிங்கப்பூரைத் தெரிவுசெய்யுங்கள். கிட்டத்தில் இருக்கிறதென்று இந்தியாவைத் தெரிவுசெய்து பயனில்லை: வாடிக்கையாளர் விபரத்தை 5 வருடம் வைத்திருக்கவேண்டும் என்று 2022இல் அங்கே விதி வந்ததும் பெரிய நிறுவனங்கள் சேர்வர்களை எடுத்துவிட்டன, இந்தியா என்று காட்டுவது வேறு நாட்டில் நிற்கும்.

ஊரில் உள்ள வீட்டாருக்கும் ஒரு விபிஎன்னைப் போட்டுவிட்டு வருவது நல்லது. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று நாட்டில் சமூக ஊடகங்களை மூடிய நாட்கள் உண்டு. அந்த அந்தரத்தில் கையில் அகப்பட்ட அப்பை இறக்குவதைவிட, இப்போதே புரோட்டோனை நிறுவிக் கணக்கும் திறந்து, நிறுத்தி வைக்கட்டும். ஆனால் யாராவது ஓடிபி கேட்டால் சொல்லாமல் இருக்க எந்த விபிஎன்னும் உதவாது. அதை வாயால்தான் சொல்லிக்கொடுக்கவேண்டும். திரும்பும்போது டுபாயில் இறங்கி ஏறுகிறவர்கள் விமானத்திலேயே விபிஎன்னை நிறுத்திவிடுங்கள், அங்கே அதைப் பாவித்துத் தடையை மீறினால் பெரிய தண்டப்பணம்.