ஆறாத புண்ணுக்கு ஊட்டச்சத்து: எந்தச் செலவு பலன் தருகிறது?

நாள்பட்ட புண்ணுக்கான செலவில் பெரும்பகுதி செவிலியரின் நேரத்துக்கும் கட்டுப் பொருட்களுக்கும் மருத்துவமனையில் கழியும் நாட்களுக்கும் போகிறது. ஆகவே துணை உணவுகளை ஒப்பிடும்போது டப்பாவின் விலையை மட்டும் பார்ப்பது தவறு. புண் சுருங்குவதால் குறையும் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

விலை மலிவானவை வைட்டமின், துத்தநாக மாத்திரைகள். ஆயினும் 1995இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், படுக்கைப் புண் உள்ள 88 பேரில் ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வைட்டமின் சி கொடுத்தும், 20 மில்லிகிராம் மட்டுமே பெற்றவர்களைவிடப் புண் விரைவாக ஆறவில்லை. துத்தநாகத்தை அதிக அளவில் நெடுநாள் உட்கொண்டால் உடலில் செம்புச் சத்தும் குறையும். குறைபாடு உறுதியானவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இவை குறைந்த விலையில் கிடைக்கும் வீண் செலவே.

அர்ஜினின் (புரதத்தின் கூறான ஓர் அமினோ அமிலம்), துத்தநாகம், ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் சேர்ந்த அதிகப் புரத பானம் இவற்றைவிட விலை கூடியது. இத்தாலியில் ஊட்டச்சத்துக் குறைபாடும் படுக்கைப் புண்ணும் கொண்ட 200 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. ஒப்பீட்டுப் பிரிவினருக்கும் அதே அளவு கலோரியும் புரதமும் தரப்பட்டதால், வித்தியாசம் அந்தக் கூடுதல் சத்துகளிலிருந்தே வந்தது என்று துணிந்து சொல்லலாம். எட்டு வாரங்களில் இந்தப் பானம் பெற்றவர்களிடம் புண்ணின் பரப்பு கூடுதலாகச் சுருங்கியது. பின்னர் வந்த செலவுக் கணக்கில், பானத்துக்கான கூடுதல் தொகையைவிடப் புண் பராமரிப்பில் மிச்சமானது அதிகம். ஆனால் இந்த முடிவு சத்துக் குறைந்த நோயாளிகளுக்கே உரியது. நன்றாக உண்பவர்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

சாதாரணப் புரத உணவோ பானமோ இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. சத்துக் குறைந்த, அல்லது அந்த ஆபத்தில் உள்ள படுக்கைப் புண் நோயாளிக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினமும் 1.25 முதல் 1.5 கிராம் புரதமும் 30 முதல் 35 கலோரியும் தேவை என்கிறது 2019ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி. சிறுநீரகம் பழுதானவருக்கு மட்டும் இந்தப் புரத அளவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். வழக்கமான உணவிலேயே இந்த அளவு எட்டினால் பானத்துக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணில் நிலைமை வேறு. அர்ஜினின், மற்றோர் அமினோ அமிலமான குளுட்டமின் உள்ளிட்ட கலவையை 270 பேரிடம் 16 வாரங்கள் சோதித்தபோது, மொத்தத்தில் பயன் தெரியவில்லை. இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தவர்களிடமும் கால் இரத்த ஓட்டம் குறைந்தவர்களிடமும் மட்டுமே முன்னேற்றம் காணப்பட்டது. ஆகவே பாதப் புண் உள்ளவர்களுக்குப் பாதத்தின் மீதான அழுத்தத்தைக் குறைக்கும் காலணிக்கும், இரத்த ஓட்டத்தைச் சரிசெய்யும் சிகிச்சைக்கும், தொற்றுக் கட்டுப்பாட்டுக்கும் முதலில் பணம் ஒதுக்கிய பிறகே பானத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.